பிழை சொல்லாத பெட்டி

சையத் பாஷா மலைக்குப் பின்னால்
ஒரே ஒரு இடிதான்.
கந்திகுப்பம் மாங்கூழ் ஆலையில்
ரவுட்டர் கருகிப்போனது.

ஜூன் மாதம். இரவு பதினொன்றரை.
கூழ் பீப்பாய் ஏற்றிய கன்டெய்னர்
சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்பி
இ-வே பில் இல்லாமல் எடைமேடையிலேயே உறுமுகிறது.
அதற்குப் பின்னால் பெங்களூரா மாங்காயோடு
சாலைவரை லாரிகள்.
மழைக்குப் பின் அந்த வாசனை,
பாதி இனிப்பு, பாதி டீசல்.

"ஏன் முபீனா,
இந்தப் பெட்டிக்கு இருபத்து நாலு வாய்.
எரிஞ்சதுக்கு அஞ்சுதான்.
இதையே அதோட வேலையைப் பாக்கச் சொல்லேன்."
மேலாளர் சென்னகிருஷ்ணன்
கேட்டதில் தப்பில்லை.
லேயர் மூன்று ஸ்விட்ச் என்று சொல்லி
கூடுதல் விலைக்கு வாங்கவைத்தவளே நான்தான்.

வழி தெரியும் சார் அதுக்கு.
ஆய்வகத்திலிருந்து குளிர்கிடங்குக்கு,
கிடங்கிலிருந்து கணக்குப் பிரிவுக்கு
கண் சிமிட்டுவதற்குள் ஆயிரம் முறை போய்வரும்.
ஆனால் யாருடைய முகவரியையும் மாற்றாது.
வந்தபடியே அனுப்பும்.

நம் முகவரி நூற்றுத் தொண்ணூற்றிரண்டில் தொடங்கும்.
எதிரே கிரானைட் பட்டறையிலும் அதே.
ஓசூர் பல் மருத்துவமனையிலும் அதே.
ஊருக்கு ஊர் மாரியம்மன் கோயில் தெரு.
ஊர்ப் பெயரில்லாமல் கடிதம் போட்டால்
பதில் எந்த மாரியம்மனைத் தேடிப் போகும்?

அவர் முகம் தெளியவில்லை.
வாசல்காவல் திம்மராயப்பாவைக் காட்டினேன்.
ஷிப்டில் பெண்களின் போன் எல்லாம் அலமாரிக்குள்.
அவசரமென்றால் கேட் போன் ஒன்றுதான்.
வெளியுலகத்துக்கு
முந்நூறு பேரும் அந்த ஒரே எண்.
அரைமணி கழித்து மணி திரும்ப அடித்தால்
நோட்டைப் புரட்டுவார்:
பர்கூர் எண், தோல் சீவும் வரிசை, ருக்மாங்கதா.
ஆள் ஓடும்.
நோட்டில் இல்லாத அழைப்பா,
"அப்படி யாரும் இல்லீங்க."

அந்த நோட்டு
இந்தப் பெட்டிக்குள்ள இல்ல சார்.

"ஒரு நோட்டு வாங்கிப் போட்டுட்டா?"

சிரிக்கத்தான் நினைத்தேன்.
சிலவற்றில் இருக்கிறது,
தகவல் மையங்களில், நம் லாரி விலைக்கு.
இதன் சில்லு வேகத்துக்குச் செய்தது,
ஞாபகத்துக்கு அல்ல.

சொல்லிவிட்டேனே தவிர
பன்னிரண்டு இருபதுக்கு
எனக்கே சபலம்.
மடிக்கணினியைச் செருகி நான்கு வரி அடித்தேன்:
இது உள்பக்கம், இது வெளிப்பக்கம்,
உள்ளே உள்ளவர்களை
இந்த ஒரு பெயரால் வெளியே அனுப்பு.

ஏற்றுக்கொண்டது.
பிழை என்று சொல்லவில்லை.
எச்சரிக்கை இல்லை. மறுப்பு இல்லை.
அட்டவணையைக் கேட்டேன்,
வெறும் தலைப்பு வந்தது, கீழே ஒன்றுமில்லை.
ஒரு பாக்கெட்கூட வாசல் தாண்டவில்லை.
தலையாட்டிவிட்டு
வேலையைத் தொடாமல் இருக்கிறவர்களை
அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன்.
ஒரு இயந்திரம் அப்படிச் செய்து
பார்த்தது அன்றுதான்.

என் போனில் சார்ஜ் இல்லை.
சென்னகிருஷ்ணன் போனில் டேட்டா இல்லை.
திம்மராயப்பா சட்டைப்பையிலிருந்து எடுத்தார்,
திரை விரிந்த ஒன்று,
ரப்பர் பேண்டு சுற்றி.
ஹாட்ஸ்பாட்டைத் தொட்டேன்.
எடைமேடை, கணக்கு, ஆய்வகம்,
மூன்று மடிக்கணினியும் அவர் பெயரில் வெளியே போயின.
அவரவர் பதில் அவரவரிடம் வந்தது.

பில் அச்சாகி கன்டெய்னர் நகர்ந்தபோது
அவர் கேட்டார்:
"எம்பேர்ல எத்தனை பேர் போனாங்கம்மா?"
மூணு.
"நேரம்?"
பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.
நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டு
என் பக்கம் நகர்த்தினார்,
கையெழுத்துக்கு.

கிளம்புமுன்
அந்த நான்கு வரியை அழித்தேன்.
அதற்கும்
பிழை சொல்லவில்லை பெட்டி.
எல்லாக் கண்ணிலும் பச்சை.